சொன்னபடியா, ஆராய்ந்தா? வேதத்தை வாசிக்க மூன்று வழிகள்

போன மாதம் வேதபாடம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கல்லூரியில் உயிரியல் முதலாண்டு படிக்கிறவள். “அண்ணா, ஆதியாகமம் ஒண்ணாம் அதிகாரத்தை அப்படியே நம்பணுமா, இல்ல அதுக்கு வேற அர்த்தம் இருக்கா? வகுப்புல ஒண்ணு சொல்றாங்க, சபையில ஒண்ணு சொல்றாங்க. நான் ரெண்டு இடத்துலயும் தலையாட்டிட்டு வர்றேன்” என்றாள். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு தகப்பனார் வேறொன்று கேட்டிருந்தார். “பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்” என்று நீதிமொழிகளில் இருக்கிறதே, பையனை அடிக்காமல் வளர்த்தால் வசனத்தை மீறினதாகுமா என்று.

கேட்டவர்கள் வேறு, கேள்வி ஒன்றுதான். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொள்வதா, அறிவைக் கொண்டு ஆராய்ந்து எடுத்துக்கொள்வதா? இரண்டு பேருக்கும் நின்ற நிலையில் நான் சொன்னது அரைகுறைப் பதில். உட்கார்ந்து யோசித்தால் வழி இரண்டல்ல, மூன்று என்று தெரிகிறது. முதலாவது, எழுத்துப்படி வாசிப்பது. இரண்டாவது, அறிவை நடுவராக உட்கார வைத்து, அது ஒப்புக்கொள்வதை மட்டும் ஏற்பது. மூன்றாவது, வசனத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அறிவைக் கையில் விளக்காகப் பிடித்துக்கொள்வது. மூன்றிலும் உண்மையான விசுவாசிகள் இருந்திருக்கிறார்கள். மூன்றுக்கும் செலவும் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

வசனம் சொல்ல வந்ததற்கு இந்த வாசிப்பு உண்மையாக இருக்கிறதா? சங்கீதத்தைச் சட்டம்போல வாசித்தாலும், சட்டத்தைச் சங்கீதம்போல வாசித்தாலும் உண்மை தப்பிவிடும்.

எளியவர் கைக்கு எட்டுமா? எபிரெயுவும் கிரேக்கும் படித்தவர்தான் வேதத்தைத் தொட முடியும் என்றால், 1715-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததற்கே அர்த்தமில்லாமல் போகும்.

வாசிக்கிறவரைத் திருத்துமா? நான் ஏற்கெனவே நினைப்பதையே வசனத்திலும் கண்டெடுத்தால், அது வாசிப்பாகாது.

நான்காவதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். இந்த வாசிப்புக்கு விலை கொடுப்பது யார்? வாசிக்கிறவரா, அவர் பக்கத்தில் இருக்கிறவரா? ஒரு வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு என் நிலத்தை விற்றால் விலை என்னுடையது. அதே மாதிரி இன்னொரு வசனத்தை எடுத்து என் மகன் முதுகில் பிரம்பை வைத்தால் விலை அவனுடையது. இந்த வித்தியாசத்தைச் சபையில் யாரும் பேசுவதில்லை.

## முதல் வழி: எழுத்துப்படி

இந்த வழியின் பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ கி.பி. 270-ல் எகிப்தில் அந்தோனியார் என்ற இளைஞர் ஆலயத்துக்குள் நுழையும்போது மத்தேயு 19:21 வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது: உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு. பெற்றோர் விட்டுப்போன 300 அரூரா விளைநிலத்தை அவர் ஊராருக்குக் கொடுத்துவிட்டார். அரூரா என்பது எகிப்திய நில அளவு. கிறிஸ்தவத்தில் துறவற வாழ்வு வேர்பிடித்துப் பரவ அவர் பெரிய காரணமானார். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசிசியில் பிரான்சிஸ், பொன்னும் வெள்ளியும் பையும் பாதரட்சையும் வேண்டாம் என்கிற மத்தேயு 10-ஐக் கேட்டு, அன்றைக்கே செருப்பைக் கழற்றிப் போட்டு, இடுப்புவாரை எடுத்துவிட்டுக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். இவர்கள் யாரும் விளக்கவுரை தேடிப் போகவில்லை. கேட்டார்கள், செய்தார்கள். கிறிஸ்தவ வரலாற்றின் மிக அழகான பக்கங்கள் சில இப்படித்தான் எழுதப்பட்டன.

எளியவர் கைக்கு எட்டுவதிலும் இதற்கு ஈடு கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டியும் தானே வாசித்துத் தானே கர்த்தரிடம் பேசலாம். நடுவில் ஒரு பண்டிதர் தேவையில்லை.

இனி செலவுக்கு வருகிறேன். என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

என் அத்தைக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. ஒரு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கியார் ஏசாயா 53:5-ஐ எடுத்தார். “அவருடைய தழும்புகளால் குணமாவோம் என்று எழுதவில்லை, குணமாகிறோம் என்று எழுதியிருக்கிறது. இப்போதே குணமாகிறோம். இதை நம்புகிறவனுக்கு மருந்து எதற்கு?” என்றார். அத்தை வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களில் ஒருவருக்கும் சொல்லவில்லை. பிறகு கால்விரலில் புண் வந்து, ஆறாமல், கறுத்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவருடைய ஜிப் வைத்த கறுப்பு வேதாகமத்தை வார்டுக்கு எடுத்துப்போனபோது ஏசாயா 53-க்குள் அடையாளம் வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரு மாத்திரை அட்டை. பத்து மாத்திரையும் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன. அந்த வசனத்தின் கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு.

அந்தப் பிரசங்கம் முழுவதும் ஒரு வினைச்சொல்லின் காலத்தின்மேல் நின்றது. அதுவும் தமிழ் வினைச்சொல். பேதுரு தம் முதல் நிருபத்தில் (2:24) இதே வசனத்தை எடுத்து “குணமானீர்கள்” என்று இறந்தகாலத்தில் சொல்கிறார். அங்கே அவர் பேசுவது பாவத்துக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதைப் பற்றி. மத்தேயு 8:17 அதே ஏசாயா அதிகாரத்தை இயேசு நோய் தீர்த்ததோடு சேர்த்துச் சொல்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் மாத்திரையை நிறுத்து என்று இரண்டு இடத்திலும் இல்லை.

எழுத்துப்படி வாசிப்பின் முதல் மறைமுகச் செலவு இதுதான். நாம் எழுத்து என்று பிடித்துக்கொள்வது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் எழுத்து. தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதலில், அதாவது பழைய மொழிபெயர்ப்பில், எபேசியர் 6:5 “வேலைக்காரரே” என்று தொடங்குகிறது. கிரேக்கத்தில் அது அடிமைகளைக் குறிக்கிற சொல். தமிழில் வாசிக்கிறவருக்குப் பவுல் அடிமைகளிடம் பேசுகிறார் என்பதே தெரியாமல் போகலாம். இன்னொன்று: 1 தீமோத்தேயு 3:8-ல் “உதவிக்காரர்” என்று சபைப் பதவியாக வருகிற சொல், ரோமர் 16:1-ல் பெபேயாள் என்ற பெண்ணுக்கு வரும்போது “ஊழியக்காரி” ஆகிவிடுகிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல். பெண்களுக்குச் சபையில் பதவி உண்டா என்று தமிழ் வசனத்தை மட்டும் வைத்து வாதாடுகிறவருக்கு இந்த இணைப்பு கண்ணில் படவே படாது.

இரண்டாவது செலவு உயிர்ச்செலவு. மாற்கு 16:18 “சர்ப்பங்களை எடுப்பார்கள்” என்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சில சபைகள் ஆராதனையில் விஷப்பாம்புகளைக் கையில் எடுத்து வந்தன. அந்தப் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ஹென்ஸ்லி. 1955-ல் பாம்பு கடித்தே இறந்தார். மாற்கு 16-ன் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் 4-ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் இல்லை. கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிடுவது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது செலவு பிறர் தலையில் விழுவது. அமெரிக்காவின் தென்மாநிலப் போதகர்கள் அடிமைமுறைக்கு ஆதாரமாக வசனங்களை அடுக்கினார்கள். வசனம் அவர்கள் பக்கம் நேராகவே இருந்தது, விளக்கம் தேவைப்படவில்லை. அடிமை முறையைக் காப்பாற்றும் தகராறில் 1845-ல் பிறந்த தென்பகுதி பாப்திஸ்து சங்கம், 1995-ல்தான் அதற்காக மன்னிப்புக் கேட்டது. 150 வருஷம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முற்றிலும் எழுத்துப்படி வாசிக்கிறவர் யாருமே கிடையாது. “உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு” என்பதை நம் சபைகளில் யாரும் அப்படியே செய்வதில்லை. 1925-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில், பள்ளியில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர்மேல் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கில் வேதத்தின் சார்பாகக் கூண்டேறிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, படைப்பின் ஆறு நாட்கள் 24 மணிநேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். வேதத்தில் பிழையே இல்லை என்று அறிவித்த 1978-ன் சிகாகோ அறிக்கைகூட, கவிதையைக் கவிதையாகவும் உருவகத்தை உருவகமாகவும்தான் வாசிக்க வேண்டும் என்கிறது. ஆக, எதை அப்படியே எடுப்பது, எதை விளக்குவது என்ற தேர்வு எல்லோரிடமும் இருக்கிறது. ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனம் வரும்போது, எருசலேமில் ஊசிவாசல் என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் முழங்காலிட்டு உள்ளே போகும் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். இயேசுவின் காலத்தில் அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்றே கிடையாது. ஆறு நாளில் ஒரு மணிநேரத்தையும் விட்டுக்கொடுக்காதவர்கள், ஐசுவரியவானைப் பற்றிய வசனத்துக்கு இல்லாத வாசலைக் கட்டிக் கொடுக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆனாலும் அத்தையின் கதை அங்கே முடியவில்லை. விரல்களை எடுத்த அன்று இரவு மயக்கம் தெளிந்து வலி ஏறினபோது, அவர் 23-ஆம் சங்கீதத்தை மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார். “நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்.” அது எந்த வகை இலக்கியம், எப்போது எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. அந்த இரவில் அது தேவையும் படவில்லை. அதே வாசிப்பு அவர் விரலை எடுத்தது, அதே வாசிப்பு அவரைத் தாங்கிப் பிடித்தது. இரண்டையும் பார்த்தவன் நான்.

## இரண்டாம் வழி: அறிவே நடுவர்

1820-ல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் ஆறு புதிய ஏற்பாட்டுப் பிரதிகளை வைத்துக்கொண்டு, கூர்மையான கத்தியால் சுவிசேஷ வசனங்களை வெட்டி, கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நான்கு பத்தியாக ஒட்டி முடித்தார். போதனைகளை எடுத்துக்கொண்டார். அற்புதங்களை விட்டுவிட்டார். கல்லறை வாசலில் பெரிய கல்லைப் புரட்டிவைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள் என்பதோடு அவருடைய சுவிசேஷம் முடிந்துவிடுகிறது. உயிர்த்தெழுதல் இல்லை.

அதே 1820-ல் கல்கத்தாவில் ராஜாராம் மோகன் ராய் ஏறத்தாழ இதே வேலையைச் செய்தார். இயேசுவின் நீதிபோதனைகளைத் தனியே தொகுத்து வெளியிட்டார். அற்புதங்களும் கோட்பாடுகளும் வீண் வாக்குவாதத்தைத்தான் கிளப்பும், போதனை எல்லோருக்கும் உதவும் என்பது அவர் எண்ணம். செராம்பூர் மிஷனரி மார்ஷ்மன் கடுமையாக எதிர்த்து எழுத, ராய் மூன்று நீண்ட மறுமொழிகள் எழுதினார். ஓர் இந்தியர், கிறிஸ்தவரல்லாதவர், எபிரெயுவும் கிரேக்கும் கற்று மூலத்திலிருந்தே வாதாடினார். அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன்.

இந்த வழியின் பலம் அதன் நேர்மை. ஆதியாகமம் 1-ல் மிருகங்களுக்குப் பிறகு மனிதன் வருகிறான், 2:19-ல் மனிதனுக்குப் பிறகு மிருகங்கள் உருவாக்கப்படுகின்றன. இதைப் பார்க்காததுபோலக் கடந்துபோக இவர்கள் விடுவதில்லை. மாற்கு 16-ஐப் பற்றி மேலே சொன்னது போன்ற விவரங்களும் இப்படித் துருவிப் பார்த்தவர்களால்தான் நமக்குக் கிடைத்தன. அந்த நேர்மைக்காக அடி வாங்கியவர்களும் உண்டு. 1835-ல் இயேசுவின் வாழ்க்கையைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் டேவிட் ஸ்ட்ராஸ் தன் ஆசிரியப் பணியை இழந்தார்.

ஆனால் மூன்றாவது கேள்வியில், அதாவது வாசிக்கிறவரைத் திருத்துமா என்பதில், இந்த வழி தடுமாறுகிறது. 1906-ல் இறையியல் அறிஞர் ஆல்பர்ட் சுவைட்சர், தமக்கு முன்னால் எழுதப்பட்ட இயேசு வரலாறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வோர் ஆசிரியரும் தன்னைப் போன்ற ஓர் இயேசுவையே வரைந்திருக்கிறார் என்று கண்டார். அறிவு நடுவராக இருக்கும்போது யாருடைய அறிவு என்ற கேள்வி வருகிறது. என் காலத்தின், என் ஊரின், என் வர்க்கத்தின் அறிவுதான் அந்த நாற்காலியில் உட்காருகிறது.

நான்காவது கேள்விக்கு ஜெபர்சனே பதில். சுவிசேஷத்தை அவ்வளவு கவனமாக அலசியவர், வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். கத்தி அற்புதங்களை வெட்டியது. அவருடைய தோட்டத்தை அது தொடவில்லை. வசனத்தை அப்படியே வாசித்த தென்மாநிலப் போதகரும், அறிவைக் கொண்டு வெட்டி வாசித்த ஜெபர்சனும் கடைசியில் ஒரே இடத்தில்தான் நின்றார்கள். எந்த முறையைக் கையாண்டாலும் விலையைப் பிறர்மேல் தள்ளிவிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் ஒரு வினோதமான நடுவழி. அவரும் அற்புதங்களைத் தள்ளிவிட்டார். ஆனால் “தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்” என்ற மத்தேயு 5:39-ஐ அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டார். அது காந்தியிடம் வந்து என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். முதல் வழியையும் இரண்டாம் வழியையும் ஒரே ஆள் கலக்க முடியும் என்பது மட்டுமல்ல, எங்கே எதைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதையும் அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.

## மூன்றாம் வழி: அறிவு கையில், வசனம் முன்னால்

அந்தக் கல்லூரிப் பெண் நினைப்பதுபோல இது டார்வினுக்குப் பயந்து சபை கண்டுபிடித்த சமாதானம் அல்ல. 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகேன் என்ற ஆதிச்சபை அறிஞர், சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி இருந்திருக்கும், இதை அப்படியே எடுத்துக்கொள்கிற புத்தியுள்ளவர் யார் என்று கேட்டுவிட்டார். அவருக்குப் பின்வந்த ஆதிச்சபை ஆயர் அகஸ்டின், ஆதியாகமத்தின் நாட்கள் நம்முடைய நாட்கள் போன்றவை அல்ல என்றார். வானத்தையும் பூமியையும் பற்றிக் கிறிஸ்தவர் ஒருவர் வேதத்தின் பேரால் தவறாகப் பேசினால், விஷயம் தெரிந்த அவிசுவாசி சிரிப்பான், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொன்னால் எப்படி நம்புவான் என்றும் கவலைப்பட்டார். டார்வினுக்கு 1400 வருஷத்துக்கு முன்னால் எழுந்த கவலை இது.

கலிலியோவும் அறிவை வேதத்துக்கு எதிரியாக நிறுத்தவில்லை. யோசுவா 10-ல் சூரியன் நின்றதை வைத்துத் தம்மை எதிர்த்தவர்களுக்குப் பதிலாக 1615-ல் எழுதிய கடிதத்தில், பரிசுத்த ஆவியானவர் கற்றுத் தருவது பரலோகத்துக்கு எப்படிப் போவது என்பதையே, வானங்கள் எப்படிப் போகின்றன என்பதை அல்ல என்ற ஒரு கர்தினாலின் சொல்லை எடுத்துக்காட்டினார். 1633-ல் அவரைத் தண்டித்தார்கள். 1992-ல்தான் போப் இரண்டாம் யோவான் பவுல் அந்தத் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே கத்தோலிக்கச் சபையின் பாப்பிறை விவிலிய ஆணையம், வரலாற்றைக் கொண்டு ஆராயும் முறை தவிர்க்க முடியாதது என்றும், எழுத்தை மட்டும் பிடித்துத் தொங்கும் வாசிப்பு ஒருவகை அறிவுத் தற்கொலை என்றும் எழுதியது. எனக்கு அந்தக் கடைசிச் சொல் கொஞ்சம் கடுமையாகப்படுகிறது. அத்தையை அறிந்தவன் அப்படிச் சொல்லமாட்டான்.

இந்த வழி எல்லாச் சண்டையையும் தீர்த்துவிடும் என்று எண்ண வேண்டாம். 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், திருவிருந்து அப்பத்தைப் பற்றிப் பேச லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்லியும் உட்கார்ந்தார்கள். வேதத்தின் அதிகாரத்தில் இருவருக்கும் சந்தேகமில்லை, இருவரும் மூலமொழி கற்றவர்கள். லூத்தர் சுண்ணக்கட்டியை எடுத்து மேசைமேல் “இது என் சரீரமாயிருக்கிறது” என்று லத்தீனில் எழுதி, அதன்மேல் விரிப்பைப் போட்டு மூடிவைத்தார். சுவிங்லி, இங்கே “இருக்கிறது” என்றால் “குறிக்கிறது” என்று பொருள், “மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது” என்று யோவான் 6-ல் இயேசுவே சொன்னாரே என்றார். லூத்தர் விரிப்பை விலக்கிச் சுண்ண எழுத்தைக் காட்டினார். 15 தீர்மானங்களில் 14-ல் ஒத்துப்போனார்கள், கடைசித் தீர்மானத்தின் ஒரு பகுதியில் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. ஒரே ஒரு சொல்லை, “இருக்கிறது” என்பதை, இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு விதமாக வாசித்தார்கள்.

இந்த வழிக்கு இரண்டு மறைமுகச் செலவு. முதலாவது நேரம். ஒரு வசனத்தின் முன்னும் பின்னும் வாசித்து, யாருக்கு எழுதியது என்று பார்த்து, வேறு மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு முடிப்பதற்குள் வேலைக்குப் போகிறவருக்கு விடிந்துவிடும். கற்றவரைச் சார்ந்திருக்க நேரும், கற்றவரும் தவறுவார். அன்பைக் கட்டியெழுப்பாத வாசிப்பு வாசிப்பே அல்ல என்று அவ்வளவு அழகாகச் சொன்ன அகஸ்டின்தான், லூக்கா 14:23-ல் வரும் விருந்துக்கு ஆட்களை “வருந்திக் கூட்டிக்கொண்டுவா” என்ற வரியை வைத்து, வட ஆப்பிரிக்காவில் பிரிந்து நின்ற தொனாத்து சபையாரை அரசின் பலத்தால் வளைப்பதை நியாயப்படுத்தினார்.

இரண்டாவது செலவு நுட்பமானது. விளக்கத் தெரிந்தவருக்குத் தப்பிக்கவும் தெரியும். நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்தார்கள், சபையைவிட்டே வெளியேறினார்கள். ஜாதி வெறும் உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடாது என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயம்போலவே இருக்கும், பகுத்துப் பார்த்துச் சொன்னதுபோலவும் இருக்கும். அங்கே தேவைப்பட்டது பகுப்பாய்வே அல்ல. “யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை” என்ற கலாத்தியர் 3:28-ஐ எழுத்துப்படி எடுத்துக்கொண்டு திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பதுதான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| கேள்வி | எழுத்துப்படி | அறிவே நடுவர் | அறிவு கையில் |
|---|---|---|---|
| வசனத்துக்கு உண்மையா? | கட்டளைகளில் ஆம். கவிதையிலும் தரிசனத்திலும் தவறும் | பிரதிகளை ஒப்பிடுவதில் ஆம். பிடிக்காததை வெட்டும் | பெரும்பாலும் ஆம், நேரம் கொடுத்தால் |
| எளியவருக்கு எட்டுமா? | உடனே எட்டும் | எட்டாது | யாராவது கூட உட்கார்ந்தால் எட்டும் |
| வாசிக்கிறவரைத் திருத்துமா? | கீழ்ப்படிந்தால் திருத்தும் | அரிதாக | திருத்தும். தப்பிக்கவும் வழி தரும் |
| விலை யாருக்கு? | அந்தோனியாரா, பிரசங்கியாரா என்பதைப் பொறுத்தது | பெரும்பாலும் பிறருக்கு | வாசிக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டும் |

## யாருக்கு எது

நான் மூன்றாம் வழிக்காரன், மறைக்கவில்லை. ஆனால் என்னிடம் ஏதோ கேட்கிற வசனத்துக்கு வரும்போது முதல் வழிக்குப் போய்விடப் பார்க்கிறேன். மன்னி, கொடு, நியாயந்தீர்க்காதே என்பவற்றுக்கு விளக்கவுரை தேடும்போதெல்லாம் நான் ஓடி ஒளிகிறேன் என்று எனக்கே தெரிகிறது. பிறர்மேல் எதையோ சுமத்துகிற வசனம் என்றால், அப்போதுதான் முழு ஆராய்ச்சியும் வேண்டும். முன்னும் பின்னும், மூலச்சொல், யாருக்கு, எப்போது, எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

அந்தத் தகப்பனாருக்கு: நீதிமொழிகள் ஞானமொழிகளின் தொகுப்பு, கட்டளைச் சட்டம் அல்ல. 26-ஆம் அதிகாரத்தின் 4-ஆம் வசனம் மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது, 5-ஆம் வசனம் கொடு என்கிறது. இரண்டையும் சட்டமாக எடுக்க முடியாது, சமயம் பார்த்து நடக்க வேண்டும். பிரம்பு வசனம் பிள்ளையைக் கண்டிக்காமல் விட்டுவிடாதே என்கிறது. அடிபடுவது உங்கள் மகன். அதனால் இந்த வசனத்தை எவ்வளவுக்கெவ்வளவு ஆராய்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நோயாளி வீட்டில் இருக்கிறவர்களுக்கு: அங்கே போய் எபிரெய வினைச்சொல்லைப் பற்றிப் பேசாதீர்கள். நான் பேசிப் பார்த்தேன், அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு 1 தீமோத்தேயு 5:23-ஐ வாசித்துக் காட்டினேன். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் பவுல். கூடவே கொலோசெயர் 4:14-ல் “பிரியமான வைத்தியனாகிய லூக்கா”. அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். “பவுலே பத்தியம் சொல்லியிருக்காரேப்பா” என்றார். அன்று இரவு மாத்திரை கேட்டு வாங்கிக்கொண்டார். எழுத்துப்படி வாசிக்கிறவரை அசைக்க இன்னொரு வசனத்தால்தான் முடியும்.

உயிரியல் படிக்கும் பெண்ணுக்கு: ஓரிகேனும் அகஸ்டினும் உன் பக்கத்தில் இருக்கிறார்கள், நீ இரண்டு இடத்திலும் பொய்யாகத் தலையாட்ட வேண்டியதில்லை. ஆதியாகமம் 1:6-ல் “ஆகாயவிரிவு” என்று நாம் வாசிப்பது எபிரெயுவில் தகடுபோல அடித்து விரித்த ஒன்றைக் குறிக்கிற சொல். அந்தக் காலத்து மனிதர் வானத்தைக் கண்ட விதத்திலேயே கர்த்தர் அவர்களோடு பேசியிருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன். அப்படி இறங்கி வந்து பேசுகிறவர்தான் பின்னால் மாம்சமாகவும் வந்தார். ஆகவே வகுப்பில் பரிணாமத்தை நன்றாகப் படி. ஞாயிற்றுக்கிழமை முதல் அதிகாரத்தைச் சத்தமாக வாசி, அதில் திரும்பத் திரும்ப வருகிற “நல்லது என்று கண்டார்” என்பதைக் கேள்.

அடுத்த வாரம் வேதபாடத்தில் யோனாவை எடுக்கப்போகிறோம், நீயும் வா. நான்கு அதிகாரம், 48 வசனம், அரைமணியில் வாசித்து முடித்துவிடலாம். மீனுக்குள் மனிதன் மூன்று நாள் உயிரோடு இருக்க முடியுமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். கேட்கட்டும், பேசுவோம். மீன் வருவது மூன்றே வசனங்களில். அப்புறம் கடைசி வசனத்துக்கு வருவோம். ஆமணக்குச் செடி காய்ந்ததற்காகக் கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற யோனாவிடம், அவர் வெறுக்கிற எதிரியின் பட்டணத்தைப் பற்றிக் கர்த்தர் கேட்கிற கேள்வி அது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு அதிகமான மனுஷரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நினிவேக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கேட்கிறார். யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. அதை மட்டும் அப்படியே, எழுத்துப்படி, நம்மிடம் கேட்டதாக எடுத்துக்கொண்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா உட்காருவோம்.